மூன்றாம் தரம்

பேர்ணாம்பட்டில் பதினோரு வருஷமாகத்
தோலுக்குத் தரம் போடுகிறேன்.
ஈரம் காயாத நீலத்தோல் மேசையில் விரிந்ததும்
கண்ணுக்கு முன்னால் விரல் போய்விடும்.
முள் கீறினால் நீளமாக இருக்கும்.
சூடு பட்டால் வட்டமாக.
உண்ணி கடித்தது மட்டும்
குண்டூசி முனையளவு குழி,
தடவினால்தான் தட்டுப்படும்:
கழுத்து மடிப்பில், அடிவயிற்றில், தொடை இடுக்கில்.
சாக்பீஸால் மூன்று என்று எழுதித் தள்ளுவேன்.
ஷூவின் மேற்புறத்துக்கு ஆகாது, உள்லைனிங்குக்குப் போகும்.
மாட்டுக்கு அரித்திருக்குமா என்று
ஒரு நாளும் யோசித்ததில்லை.
மணிக்கு நாற்பது தோல்.

காவலூருக்குப் போனது நட்சத்திரம் பார்க்க.
தை அமாவாசைக்கு மறுநாள்,
சாமை அறுத்த கொல்லையை ஒட்டி
முழங்கால் உயரப் புல்.
பதினேழு பேர், நாலு கூடாரம்,
பச்சை லேசரோடு குப்புராஜ் சார்.
நான் பேன்ட்டை வெள்ளை சாக்ஸுக்குள்
சொருகிக்கொண்டு நின்றேன்.
"இன்னாக்கா, ஸ்கூல் டிரில்லா?"
அரை டிராயர் பையன்கள் சிரித்தார்கள்.

கார்த்திகையில் ஆறு தெரிகிறதா ஏழா என்று
எல்லோரும் அண்ணாந்து எண்ணிக்கொண்டிருக்க
என் சாக்ஸில் ஒரு கரும்புள்ளி ஏறியது.
அதற்குத்தான் வெள்ளை.
சுண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.
பக்கத்தில் தில்ஷாத்,
குடியாத்தத்தில் வங்கிக் காசாளர்,
விரிப்பைத் தாண்டிப் புல்லிலேயே தலை சாய்த்து
"ஏழு! ஏழு!" என்றாள்.
சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சில்
அவள் காதின் பின்னால்
எள்ளைவிடச் சின்னதாய் ஒன்று
தலையைப் புதைத்துக் கிடந்தது.

மண்ணெண்ணெய் வை என்றார் ஒருவர்.
தீக்குச்சியால் சுடு என்றார் இன்னொருவர்.
சுண்ணாம்புக்கும் ஆள் இருந்தது.
"வேணாம். பயந்தா
வயித்துல இருக்கறதையெல்லாம் உள்ள கக்கிடும்."
புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்தேன்.
அதன் வயிற்றை நசுக்காமல்
தோலோடு ஒட்டிய வாயைப் பிடித்து,
திருகாமல், அவசரப்படாமல்,
ஈர மண்ணிலிருந்து கீரையை
வேர் அறாமல் எடுப்பது போல
நேராக மேலே.
கால்கள் ஆடின. முழுசாக வந்துவிட்டது.
சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி
டேப்பில் அதை ஒட்டி, தேதி எழுதினேன்.

அப்புறம் கொல்லை முழுக்க
அவரவர் காலைத் தடவும் சத்தம்.
சனி எந்தப் பக்கம் என்று
யாரும் கேட்கவில்லை.

கூடாரத்துக்குள் அவள்தான் கேட்டாள்:
"உங்க முதுகை யார் பாக்கறது?"

பார்க்க ஆள் இல்லாமல் ஆறு வருஷம்.
ரவிக்கையைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன்.
பணம் எண்ணும் விரல்கள்,
ஒரு இடமும் தவறவில்லை.
நான் சொல்லச் சொல்லப் போயின:
முடி தொடங்கும் கோடு,
அக்குள், நாடா இறுகும் இடுப்பு,
முழங்காலுக்குப் பின்னால்.
தோள்பட்டைக்குக் கீழே வந்து நின்றன.
"இது இன்னா, வட்டமா? பூச்சியா?"
"இல்ல. பழசு. முள்ளு கீச்சினது."
டார்ச் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.
பிறகு நகர்ந்தது.
"சுத்தமா கீதுக்கா," என்றாள்.

விடிந்து பஸ்ஸில் ஏறும்போது சொன்னேன்:
போட்டிருந்த துணியை வீட்டுக்குள் கொண்டுபோகாதே,
வாசலிலேயே வெந்நீரில் போடு.
ரெண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தா
மாத்திரையைப் போட்டுக்கிட்டு உட்காராதே.
ஆஸ்பத்திரியில மலைக்குப் போனேன்னு சொல்லு,
காதைக் காட்டு, தேதியைக் காட்டு.
பீடி சுட்ட மாதிரி எங்கேயாவது கறுத்திருந்தா
அதையும் காட்டு.
"அது எப்படி இருக்கும்?" என்றாள்.
பதில் வாய்க்கு வருவதற்குள்
பஸ் திரும்பிவிட்டது.

திங்கட்கிழமை மூன்றாவது தோலில்
குழி தட்டுப்பட்டது.
கழுத்து மடிப்பில் வரிசையாக ஒன்பது.
யாரும் பார்த்துவிடாத கழுத்து.
விரல் நின்றது.
மேஸ்திரி இருமினார்.
மூன்று போட்டேன்.

பதினோராம் நாள் ராத்திரி போன்.
"காய்ச்சல் இல்லக்கா. மாடியில நிக்கறேன்.
இங்க ஆறுதான் தெரியுது."